படகுக் காப்பீடும் பராமரிப்புச் செலவும்

படகுக் காப்பீடு கடல் காப்பீட்டின் ஒரு பிரிவு. புயல், மோதல், தரைதட்டல், தீ போன்ற எதிர்பாராத விபத்துகளால் படகுக்கு நேரும் இழப்பை அது ஈடுசெய்கிறது. பலகை உளுத்தல், வண்ணம் உரிதல், இயந்திரம் தேய்தல் போன்றவற்றைச் சரிசெய்யும் வழக்கமான பராமரிப்புச் செலவை அது பொதுவாகத் தருவதில்லை. விபத்துக்கும் தேய்மானத்துக்கும் இடையிலான இந்தக் கோடு கடல் வணிகத்தின் வரலாற்றில் படிப்படியாக வரையப்பட்டது.

கடற்கடன்

காப்பீடு தோன்றும் முன்பு அதன் வேலையைக் கடற்கடன் செய்தது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகர வணிகர்கள் இம்முறையைக் கையாண்டனர். கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்தால் கடனை உயர்ந்த வட்டியுடன் திருப்பித் தர வேண்டும். கப்பல் மூழ்கினால் தர வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர் ஏற்றது கப்பல் வந்து சேராமல் போகும் ஆபத்தை மட்டுமே.

கொங்கு நாட்டின் பண்டைய வணிகமும் இந்தக் கடல் உலகத்தைச் சேர்ந்தது. படியூரின் மணிக்கற்களும் கொடுமணலில் செய்யப்பட்ட மணிகளும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்றன. அக்கரையின் பெருந்துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்காக கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் கிடைத்துள்ளது. அது இன்று வியன்னாவில் உள்ளது.

சட்டம் வரைந்த கோடு

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காப்பிக் கடை, கப்பல் காப்பீட்டாளர்கள் கூடும் இடமாயிற்று. அங்கு வளர்ந்த வழக்கங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் 1906-இல் பிரிட்டிஷ் கடல் காப்பீட்டுச் சட்டமாகத் தொகுக்கப்பட்டன. அதைப் பின்பற்றி எழுந்த இந்தியக் கடல் காப்பீட்டுச் சட்டம் 1963 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாத வரை, சாதாரணத் தேய்மானம், சாதாரணக் கசிவு, பொருளின் இயல்பிலேயே உள்ள குறை, எலிகளாலும் பூச்சிகளாலும் ஏற்படும் இழப்பு ஆகியவற்றுக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்கிறது. கடலின் ஆபத்து என்பது தற்செயலான விபத்தையே குறிக்கும்; காற்று, அலை ஆகியவற்றின் வழக்கமான செயல் அதில் அடங்காது. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாகி நான்கு நிறுவனங்களின் கீழ் வந்தபோதும் இந்த விதி மாறவில்லை.

இதன் காரணம் எளியது. காப்பீடு என்பது பலர் சிறு தொகை செலுத்தி, சிலருக்கு மட்டும் நேரும் இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. தேய்மானமோ எல்லாப் படகுகளுக்கும் உறுதியாக நேர்வது. அதையும் காப்பீடு ஏற்றால் ஒவ்வொருவரும் தம் பழுதுச் செலவையே, நிறுவனத்தின் நிர்வாகச் செலவோடு சேர்த்து, பிரீமியமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

1887-இன் இரு வழக்குகள்

கோடு எங்கே விழுகிறது என்பதில் எப்போதும் வழக்குகள் எழுந்தன. 1887-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை இரு வழக்குகளில் தீர்ப்பளித்தது. முதலாவது, பர்மாவின் அக்யாபிலிருந்து அரிசி ஏற்றிச் சென்ற கப்பலைப் பற்றியது. எலிகள் ஈயக் குழாயைக் கடித்ததால் கடல்நீர் புகுந்து அரிசி கெட்டது. இது சரக்கு ஏற்றும் ஒப்பந்தம் பற்றிய வழக்கு எனினும், நீர் புகுந்தது கடலின் ஆபத்தே என்ற தீர்ப்பு காப்பீட்டுக்கும் வழிகாட்டியது. இரண்டாவது வழக்கில் இன்ச்மாரி என்ற கப்பலின் நீரேற்றும் இயந்திரம், திறந்திருக்க வேண்டிய வால்வு மூடியிருந்ததால் உடைந்தது. அது கடலின் ஆபத்தல்ல என்று சபை கூறியது.

இத்தீர்ப்புக்குப் பின் கப்பல் உரிமையாளர்களின் தேவைக்காக இன்ச்மாரி விதி என்ற கூடுதல் விதி ஒப்பந்தங்களில் சேர்ந்தது. வெளியே தெரியாத குறையாலோ பணியாளரின் கவனக்குறைவாலோ நேரும் சேதம் இதன்படி ஈடுசெய்யப்படும். ஆனால் உரிமையாளர் உரிய கவனம் செலுத்தியிருக்க வேண்டும்.

தமிழகக் கடற்கரை

கட்டுமரத்தின் மரங்கள் கடலிலிருந்து திரும்பியதும் அவிழ்த்து உலர்த்தப்பட்டன. மரப் படகுகளில் பலகைகளின் இடைவெளியை அடைக்கும் வேலை கலப்பற்று எனப்படும். பலகைக்கு மீன் எண்ணெய் பூசுவதும், அடியில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டுவதும் மரபான பராமரிப்பு முறைகள். விசைப்படகுகள் வந்தபின் இயந்திரப் பராமரிப்பும் சேர்ந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017-இல் நீட்டிக்கப்பட்டது. படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுதுபார்க்கப்படுவது இக்காலத்தில்தான். ஆகவே ஆண்டின் பெரும் பராமரிப்புச் செலவு, மீன்பிடி வருமானம் இல்லாத மாதங்களில் வருகிறது. காப்பீடு அச்செலவைத் தாங்காது. மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடும் உயிரிழப்பு, ஊனம் ஆகியவற்றுக்கானது, படகுக்கானது அல்ல.

கொங்கு நாட்டுச் சரக்கு

இதே விதி கடலில்லாத ஊர்களையும் தொடுகிறது. அவிநாசி, திருப்பூர் பகுதியின் பின்னலாடைகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகவும் ஏற்றுமதியாகின்றன. கப்பல் விபத்தில் கடல்நீர் புகுந்து துணி நனைந்தால் அது விபத்து. துணி சரியாக உலராமல் பெட்டியில் அடைக்கப்பட்டுப் பூஞ்சை பிடித்தால் அது பொருளின் இயல்புக் குறையாகக் கருதப்படும். பொதுவாக இழப்பீடு கிடைக்காது.

உரிமையாளரின் கடமை

பராமரிப்புக்குப் பணம் தராத காப்பீடு, பராமரிப்பை எதிர்பார்க்கிறது. கால அளவுக் காப்பீட்டில், படகு கடலுக்குத் தகுதியற்றது என்று அறிந்தே உரிமையாளர் அதை அனுப்பினால், அக்குறையால் நேரும் இழப்புக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல. கலப்பற்றைத் தள்ளிப்போட்ட படகு புயலில் மூழ்கும்போது, மூழ்கடித்தது புயலா பழைய ஓட்டையா என்ற கேள்வியே இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. எனவே பழுதுபார்த்த ரசீதுகளும் ஆய்வுச் சான்றுகளும் காப்பீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டியவை.