சுவருக்குள் ஒளிந்த குழாய்

வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தச் சீட்டு பழக்கமானது. பிளம்பர் எழுதிக் கொடுப்பார்: பில்லர் காக் இரண்டு, பிப் காக் மூன்று, ஆங்கிள் காக் ஆறு. ஹார்டுவேர் கடைக்காரர் மறுபேச்சின்றி எடுத்துப் போடுவார். அந்தக் ‘காக்’ என்பது சேவல். பழங்காலக் குழாயின் வளைந்த மூக்கும் மேலே நீட்டிய பிடியும் சேவலின் தலையையும் கொண்டையையும் போல இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். ஜெர்மானியருக்கும் தண்ணீர்க் குழாய் சேவல்தான். அவர்கள் சொல் ‘வாஸர்ஹான்’. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய ‘ரொபினே’ என்ற சொல், ஆட்டுக்கு வழங்கிய ‘ரொபேன்’ என்ற செல்லப்பெயரிலிருந்து வந்தது. அங்கே இடைக்கால நீரூற்றுகளின் வாயில் ஆட்டுத்தலை செதுக்குவது வழக்கமாக இருந்தது. தமிழோ தண்ணீர் ஓடிவரும் பாதையையும் அதைத் திறந்து மூடும் கருவியையும் ‘குழாய்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது.

தண்ணீர் வெளிவரும் வாய்க்கு ஒரு முகம் கொடுக்கும் பழக்கம் மிகப் பழையது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸின் நீர்க்குடங்களில் ஊற்று மண்டபக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், சிங்கத்தலையின் வாயிலிருந்து தண்ணீர் குடத்தில் விழுகிறது. நம் கோயில்களில் கருவறையின் வடபுறச் சுவரில் இருக்கும் கோமுகியை நினைத்துக்கொள்ளலாம். அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் ஒரு துளைக்காகச் சிற்பி எத்தனை உளி தேய்த்திருக்கிறான்! ஆனால் இந்த வாய்களை மூடவே முடியாது. வந்த தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

மூடக் கற்றவர்களில் ரோமானியரின் கைவேலை இன்றும் கையில் எடுத்துப் பார்க்கும்படி கிடைத்திருக்கிறது. அவர்களுடைய பொம்பெயி நகரத்து வீடுகளில் அகப்பட்ட வெண்கலக் குழாய்களின் அமைப்பு எளிமையானது. ஓர் உருளை உடல், அதற்குள் இறுக்கமாக உட்காரும் ஒரு முளை, முளையின் குறுக்கே ஒரு துளை. முளையைக் கால் சுற்றுத் திருப்பினால் துளை பாதையோடு ஒன்றித் தண்ணீர் வரும். இன்னொரு கால் சுற்றில் நின்றுவிடும். காலிகுலா மன்னனின் நேமி ஏரிக் கப்பல்களை 1920-களின் இறுதியில் ஏரியை வற்றவைத்து வெளியே எடுத்தபோதும் இப்படியொரு பெரிய வெண்கலக் குழாய் கிடைத்தது. கி.பி. 97-இல் ரோமின் நீர் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், வீட்டுக்குப் போகும் தண்ணீரை அளக்க முத்திரை குத்திய வெண்கல வாய்க்குழலை எப்படிப் பொருத்த வேண்டும் என்று விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அந்த வாய்க்குழலைத் திருட்டுத்தனமாகப் பெரிதாக்கிக் கூடுதல் தண்ணீர் பிடித்தவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

இந்த முளைக்குழாய் ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. மாற வேண்டிய தேவை இல்லை. குழாய்க்குள் தண்ணீர் பெரிய அழுத்தமின்றி மெல்ல வந்துகொண்டிருந்தது, அல்லது சில மணி நேரம் மட்டுமே வந்தது.

தேவையை உண்டாக்கியது இங்கிலாந்து. 1831-இல் நாட்டிங்ஹாம் நகரத்தில் தாமஸ் ஹாக்ஸ்லி என்ற பொறியாளர் நாள் முழுவதும் அழுத்தத்துடன் தண்ணீர் தரும் ஏற்பாட்டைச் செய்தார். அந்த அழுத்தத்தின் முன் பழைய குழாய் தோற்றது. இடுக்கில் கசிந்தது. சட்டென்று மூடினால் தண்ணீர் திருப்பி அடித்து, சுவரோரக் குழாய் முழுவதும் டொக்கென்று அதிர்ந்தது. 1845-இல் ராதர்ஹாம் ஊரின் பித்தளை வார்ப்புக்காரர் எட்வர்ட் கிரைம்ஸ் இதற்கு ஒரு விடை கண்டு காப்புரிமை பெற்றார். முளையை விட்டுவிட்டுத் திருகாணியைக் கொண்டுவந்தார். பிடியைச் சுற்றச் சுற்ற ஒரு தண்டு கீழிறங்கி, அதன் நுனியில் உள்ள வாசரைத் துளைமீது மெல்ல அழுத்தும். தண்ணீர் படிப்படியாக அடங்கும், குழாய் அதிராது. ‘வாசர் போயிருக்கும்’ என்று நம் வீட்டில் இன்றும் கேட்கும் பேச்சுக்கு வித்திட்டவர் அவர்தான்.

இன்றைக்கு ‘விக்டோரியன் ஸ்டைல்’ என்று ஷோரூமில் தனி விளக்குப் போட்டு வைத்திருக்கும் நான்கு கைப் பிடியையும், நடுவில் எழுத்துப் பொறித்த பீங்கான் பொத்தானையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கால் சுற்றில் திறந்த குழாய்க்கு இப்போது நாலைந்து சுற்றுத் தேவைப்பட்டது. சோப்புக் கை வழுக்காமல் பிடித்துத் திருக நான்கு கை வேண்டியிருந்தது. இரண்டு குழாயில் எது வெந்நீர் என்று தெரிய எழுத்தும் வேண்டியிருந்தது. அலங்காரமாக நாம் காசு கொடுத்து வாங்கும் அந்த வடிவம் வேலைக்காகப் பிறந்தது.

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது 1872-இல். செங்குன்றம் ஏரியிலிருந்து வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நகருக்குள் இறங்கியது. அந்தத் தண்ணீரை வடிகட்டும் ஏற்பாடு 1914-இல் வந்தது. தெருக் குழாய் தமிழுக்கு ‘குழாயடிச் சண்டை’ என்ற தொடரையே கொடுத்துவிட்டது. குளியலறைக் குழாயின் அழகைப் பற்றிப் பேச அந்த வரிசையில் நின்றவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

பிரிட்டிஷ் வீடுகளில் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் நெடுங்காலம் நீடித்தது. தண்ணீர் நகராட்சிக் குழாயிலிருந்து நேராக வந்தது, வெந்நீர் பரணில் இருந்த தொட்டியைச் சார்ந்திருந்தது. இரண்டின் அழுத்தமும் வேறு. தொட்டி நீர் குடிநீரில் கலந்துவிடக் கூடாது என்ற கண்டிப்பும் இருந்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில், கனடாவின் செயின்ட் ஜான் ஊர்க்காரர் தாமஸ் காம்ப்பெல் 1880-இலேயே இரண்டையும் கலந்து தரும் குழாய்க்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பிடிகள் இரண்டாகவே இருந்தன. 1920-களில் குரோம் பூச்சு தொழிற்சாலைகளுக்கு வந்ததும் பித்தளையைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை ஒழிந்தது. குளியலறையின் நிறம் வெள்ளி என்று உலகம் முழுக்க முடிவானது அப்போதுதான்.

1937-இல் சியாட்டிலில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் மோயன் என்ற மாணவர் கை கழுவப் போனார். இரண்டு பிடியையும் திருகிப் பதம் பார்ப்பதற்குள் வெந்நீர் பாய்ந்து கை சுட்டது. சுட்ட கையோடு அவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: சூட்டையும் அளவையும் ஒரே பிடியால் ஏன் ஆளக்கூடாது? முதலில் வரைந்த மாதிரியைப் பார்த்த குழாய்த் தயாரிப்பாளர்கள் இது வேலை செய்யாது என்று திருப்பி அனுப்பினார்கள். உலகப் போர் வந்தது, பித்தளை கிடைக்கவில்லை. அவர் வரைவதை விடவில்லை. 1947-இல் சியாட்டிலின் ஒரு சிறிய உலோகப் பட்டறை அதைச் செய்து கொடுத்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஒற்றைப் பிடிக் குழாய் கடைக்குப் போயிற்று. பிறகு தேய்ந்த உறுப்பை அப்படியே உருவியெடுத்துப் புதிதாகச் செருகும் ‘கார்ட்ரிட்ஜ்’ முறையையும் மோயன் கண்டுபிடித்தார். வாசர் மாற்றும் தொல்லை அதோடு தீர்ந்தது. தோற்றத்தை மட்டும் பார்த்து மோயனை மதிப்பிடுகிறவர்கள் இந்தக் கார்ட்ரிட்ஜை மறந்துவிடுகிறார்கள்.

அதே யோசனையை வேறு வழியில் பிடித்தவர் அலெக்ஸ் மனூகியன். ஆர்மீனியர், 1920-இல் 19 வயதில் அமெரிக்கா வந்தவர், டெட்ராய்ட்டில் உலோகப் பட்டறை நடத்தியவர். அவர் 1954-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒற்றைப் பிடிக் குழாய்க்குள் ஓர் உலோகப் பந்து சுழன்றது. உள்ளிருந்த உறுப்பொன்றின் வடிவம் கிரேக்க எழுத்தான டெல்டாவை ஒத்திருந்ததால் அதையே பெயராக வைத்தார்.

பிடி ஒன்றாயிற்று. ஆனாலும் குழாயின் கனத்த உடல் சுவரில் துருத்திக்கொண்டுதான் நின்றது. அந்த உடலை மறைக்கத் துணிந்தது டென்மார்க்.

ஆர்னே ஜேக்கப்சன் கட்டடக் கலைஞர். எறும்பு நாற்காலி, முட்டை நாற்காலி என்று உலகம் கொண்டாடும் நாற்காலிகளை வடித்தவர். கோபன்ஹேகனில் 1960-இல் திறந்த விமான நிறுவன ஹோட்டலுக்குக் கதவுப் பிடி முதல் கரண்டி வரை தானே வரைந்து கொடுத்தவர். 1961-இல் டென்மார்க் தேசிய வங்கிக் கட்டடத்துக்கான போட்டியில் அவர் வென்றார். செய்தியறிந்த வெர்னர் ஓவர்கார்ட் என்ற குழாய்த் தொழிலதிபர் ஜேக்கப்சனைத் தொடர்புகொண்டு தன் யோசனையைச் சொன்னார். குழாயின் இயந்திர உறுப்புகள் எல்லாம் சுவருக்குள் போய்விட வேண்டும், வெளியே பிடியும் மூக்கும் மட்டும் தெரிய வேண்டும்.

பிளம்பர்கள் தலையைச் சொறியும் யோசனை அது. ஜேக்கப்சனுக்கு அதில் ஒரு வரைபடம் தெரிந்தது. அவருடைய உதவியாளர் டைட் வைலன்ட் நுணுக்கங்களை வரைந்தார். 1968-இல் ‘வோலா’ என்ற பெயரில் வந்த அந்தக் குழாயில் நகாசு வேலை எதுவும் கிடையாது. ஓர் உருளைக் குழல் சுவரிலிருந்து நேராக நீண்டு, நுனியில் கீழ்நோக்கி மடங்குகிறது. பக்கத்தில் இன்னொரு சிறு உருளை, அதில் குச்சி போல ஒரு பிடி. வட்டமும் நேர்கோடும் தவிர வேறில்லை. உருளைகள் தனித்தனி உறுப்புகள் என்பதால் வாஷ்பேசினுக்கு ஒரு விதமாக, குளியலுக்கு ஒரு விதமாக மாற்றிச் சேர்க்கலாம். குரோம் மட்டும்தான் குழாயின் நிறமா என்று கேட்பது போல ஆரஞ்சு, மஞ்சள் என்று வண்ணங்களும் வந்தன. ஜேக்கப்சன் 1971-இல் காலமானார். வங்கிக் கட்டடம் முழுமையாக முடிந்தது 1978-இல்தான். குழாய் அதற்குள் வங்கியைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. வோலா வரிசையின் ஒரு குழாய் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் நிரந்தரச் சேகரிப்பில் இருக்கிறது.

ஏதென்ஸின் சிங்கத்தலைக்கு நேர் எதிரான துணிவு இது. முகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்ளே நடக்கும் வேலையை ஒழுங்குபடுத்தியதிலேயே அழகைக் கண்டார்கள். நம் ஷோரூம்களில் ‘கன்சீல்டு டைவர்ட்டர்’ என்று விற்பவையெல்லாம் இந்த எண்ணத்தின் வழிவந்தவை.

பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க் 1994-இல் வேறொரு பக்கம் போனார். ஹான்ஸ்குரோஹே நிறுவனத்தின் ஆக்ஸர் பிரிவுக்காக அவர் செய்த குழாய்க்கு முன்மாதிரி, கிராமத்து முற்றத்தின் அடிபம்பு. நிமிர்ந்த உடல், பக்கவாட்டில் ஒரு மூக்கு, தலையில் ஒரு சிறு குச்சிப் பிடி. கூடவே வாளியிலிருந்து கழிப்பறைக் கிண்ணத்தையும், தொட்டியிலிருந்து குளியல் தொட்டியையும் வடித்தார். அடிபம்பு அடித்துத் தண்ணீர் பிடித்த சென்னைவாசிக்கு அந்தக் குழாயைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். 1901-இல் ஜெர்மனியின் கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) பகுதியிலுள்ள ஷில்டாக் ஊரில் ஹான்ஸ் குரோஹே தொடங்கிய அந்த நிறுவனம்தான், 1953-இல் ஷவரை மேலும் கீழும் நகர்த்தும் சுவர்க் கம்பியையும் தந்தது.

இந்தியாவில் இந்தத் தொழில் வீட்டுப் பெயர்களோடு வளர்ந்தது. 1960-இல் எஸ்கோ என்று தொடங்கிய குடும்ப நிறுவனம் 1986-இல் உயர்தரக் குழாய்களுக்குத் தனிப் பெயர் வைத்தபோது, குடும்பத்தின் மூதாட்டி ஜெய் கௌரின் பெயரையே ‘ஜாக்குவார்’ ஆக்கிக்கொண்டது. நம் ராணிப்பேட்டையில் பீங்கான் செய்த பாரிவேர், 2008-இல் முழுவதுமாக ஸ்பெயினின் ரோக்கா நிறுவனத்தின் கைக்குப் போனது.

ஆனால் வாளியும் மக்குமாகக் குளிக்கும் நாட்டுக்கென்று யோசிக்கப்பட்டது எது? வாளிக்கு எட்டும் நீண்ட மூக்கும், ஷவருக்குத் திருப்பிவிடும் பிடியும் கொண்ட வால் மிக்சர்தான். பல வீடுகளில் அது இருக்கிறது. ஆனால் ஒரு ஜேக்கப்சன் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை. கனமாக, முழங்கை இடிக்கும்படி, உப்புப் படியும் இடுக்குகளோடுதான் இன்றும் பெரும்பாலும் வருகிறது. இங்குள்ள வடிவமைப்பு மாணவர்கள் கையில் எடுக்க வேண்டிய பொருள் இது.

அடுத்த முறை குளியலறைக்குக் குழாய் வாங்கப் போகும்போது கறுப்பு, ரோஸ் கோல்ட் என்று நிறம் பார்த்து முடித்ததும் கடைக்காரரிடம் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் வட்டுகள் அதற்குள் இருக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டப் போவது அவைதான். கன்சீல்டு என்றால், டைல்ஸ் உடைக்காமல் முன்பக்கமாகவே அதைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். பத்து வருடம் கழித்தும் அதே அளவு கார்ட்ரிட்ஜ் கிடைக்கும் என்று உறுதி சொல்கிறவரிடம் வாங்குங்கள்.