பிளாஸ்டிக் கிட்டார் வாங்கப் போறீங்களா? கிட்டார் ஹீரோ, ராக் பேண்ட், ராக்ஸ்மித்... எது எப்படி?

பழவேற்காடு ஏரியை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் என் சித்தி வீடு இருக்கு. போன மாசம் அங்க போனப்போ, பிளஸ் டூ முடிச்ச சித்தி மகன் கையில ஒரு கறுப்பு கிட்டார். கம்பி கிடையாது. கம்பியை அழுத்துற இடத்துல பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என அஞ்சு பட்டன். லீவுல ஐஸ் பெட்டி தூக்கிச் சேர்த்த காசுல, ஆன்லைன்ல செகண்ட் ஹேண்டா வாங்கியிருக்கான்.

ரெண்டு பேட்டரி போட்டதும் நாலு குட்டி லைட் விட்டு விட்டு எரிஞ்சுது. அவ்வளவுதான். போன்ல ப்ளூடூத் தேடினா வரல. பக்கத்து வீட்டு லேப்டாப்லயும் வரல. "கெட்டுப்போனதைத் தள்ளிவிட்டுட்டாங்களா அண்ணா?"ன்னு கேட்டான்.

கிட்டார் கெடவே இல்லை. அதோட வந்திருக்க வேண்டிய, கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள்தான் இல்லை. அது இல்லாம இந்தக் கிட்டார் வெறும் பிளாஸ்டிக். ரீல்ஸ்ல யாரோ வெறித்தனமா வாசிக்கிறதைப் பார்த்து வாங்க நினைக்கிறவங்க பலர் இங்கதான் மாட்டிக்கிறாங்க. அதனால எந்த ஆட்டம் எப்படி, எந்த கிட்டார் எதோட சேரும்னு பார்த்துடலாம்.

இது என்ன ஆட்டம்?

டிவி திரையில் ஒரு ரோடு உங்களை நோக்கி ஓடி வரும். அதுல கலர் கலரா வட்டங்கள். ஒரு வட்டம் கோட்டைத் தொடும் நேரத்துல, இடது கையில அதே கலர் பட்டனை அழுத்திக்கிட்டு, வலது கையால உடம்புல இருக்கிற சின்னப் பட்டையை மேலயோ கீழயோ தட்டணும். அந்தப் பட்டைக்கு ஸ்ட்ரம் பார்னு பேரு.

நீங்க சரியா தட்டினா பாட்டுல கிட்டார் ஒலிக்கும். தவறினா கிட்டார் சத்தம் மட்டும் அறுந்து போகும், பாடகரும் டிரம்ஸும் தொடரும். இந்த ஆட்டத்தோட மொத்த மாயமும் இதுதான். பாட்டைத் தனித்தனி ஒலித்தடங்களா பிரிச்சு வெச்சு, உங்க கை தவறும்போது ஒரு தடத்தை மட்டும் அடைச்சுடுறாங்க. உண்மையில நீங்க ஒரு சுரத்தையும் உருவாக்கல. ஆனா சத்தம் நின்னதும் 'ஐயோ, நான்தான் கெடுத்துட்டேன்'னு மனசு பதறும்.

யார் ஆரம்பிச்சது?

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999-லேயே 'கிட்டார் ஃப்ரீக்ஸ்' என்ற ஆட்டத்தை கேம் சென்டர்களில் இறக்கியது. அதில் மூணே பட்டன். அமெரிக்காவில் டான்ஸ் ஆட்டங்களுக்கான கால் மிதி விரிப்புகளை விற்றுக்கொண்டிருந்த ரெட் ஆக்டேன் நிறுவனம், வீட்டுக்கு ஒரு கிட்டார் ஆட்டம் வேணும்னு நினைத்தது. எம்ஐடியில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோசி இருவரும் 1995-ல் தொடங்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனம் அதை உருவாக்கிக் கொடுத்தது. 2005 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு 'கிட்டார் ஹீரோ' வந்தது.

அடுத்த வருஷமே கதை ரெண்டா பிரிஞ்சுது. ரெட் ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கிக்கொண்டது. ஹார்மோனிக்ஸை எம்டிவி வாங்கிக்கொண்டது. பெயர் ஒரு பக்கம், உருவாக்கிய கை இன்னொரு பக்கம். சொத்து பிரிச்ச அண்ணன் தம்பி ஒரே தெருவுல எதிரெதிரா கடை போட்ட மாதிரி, 2007-ல் அக்டோபரில் ஆக்டிவிஷனின் 'கிட்டார் ஹீரோ 3', நவம்பரில் ஹார்மோனிக்ஸின் 'ராக் பேண்ட்'.

கிட்டார் ஹீரோவா? ராக் பேண்டா?

வெளியே பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். அதே அஞ்சு கலர், அதே ரோடு. விளையாடிப் பார்த்தா குணமே வேற.

கிட்டார் ஹீரோ 3 போட்டிக்கான ஆட்டம். நடுவுல டாம் மொரெல்லோ, ஸ்லாஷ் மாதிரி நிஜ கிட்டார் கலைஞர்களோட உருவம் வந்து உங்களோட மோதும். தோத்தா திரும்பவும் முதல்லேருந்து. டிராகன்ஃபோர்ஸ் குழுவின் 'த்ரூ தி ஃபயர் அண்ட் ஃப்ளேம்ஸ்' பாட்டை உயர் நிலையில் முடிக்கிறது இன்னிக்கும் ஒரு பெருமையாவே பேசப்படுது. நீங்க ரீல்ஸ்ல பார்த்ததும் அநேகமா அந்தப் பாட்டாத்தான் இருக்கும். இந்த ஒரு ஆட்டம் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் விற்றதாக 2009-ல் ஆக்டிவிஷன் அறிவித்தது.

ராக் பேண்ட் குடும்பத்துக்கான ஆட்டம். கிட்டார், பேஸ், டிரம்ஸ், மைக் என நாலு பேர் ஒரே நேரத்துல. ஒருத்தர் சொதப்பி வெளியே விழுந்தா, மத்தவங்க தங்களோட சேமிப்பு சக்தியைச் செலவழிச்சு அவரைத் திரும்ப உள்ளே இழுக்கலாம். சின்ன விஷயம்தான், ஆனா வீட்டுல விளையாடும்போது இதுதான் முக்கியம். நல்லா ஆடுறவன் நல்லா ஆடாதவனைத் திட்டாம, எப்போ காப்பாத்தணும்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவான். கிட்டார் ஹீரோவும் 2008-ல் 'வேர்ல்ட் டூர்' மூலம் டிரம்ஸ், மைக்கைச் சேர்த்துக்கொண்டது. ஆனா இந்த இடத்துல என் ஓட்டு ராக் பேண்டுக்குத்தான்.

கருவியிலும் வித்தியாசம் உண்டு. கிட்டார் ஹீரோவில் ஸ்ட்ரம் பார் தட்டினா 'டிக் டிக்'னு சத்தம் வரும், விரலுக்கும் தெரியும். வேகமா ஆடுறவங்களுக்கு அதுதான் பிடிக்கும். ராக் பேண்ட் கிட்டாரில் அது மெத்துனு இருக்கும், சத்தம் வராது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்டுக்குடித்தனத்துல விளையாடுறவங்களுக்கு இது வசதி. கூடவே, உடம்புக்குப் பக்கத்துல இன்னொரு அஞ்சு குட்டிப் பட்டன் இருக்கும். வேகமான இடங்களில் அதைத் தட்டாமலே அழுத்தினா போதும்.

மைக் விஷயம் ஒண்ணு சொல்லணும். ராக் பேண்ட் பெரும்பாலும் பார்ப்பது சுருதியைத்தான், வார்த்தையை இல்லை. பேசுற மாதிரி வரும் சில இடங்களைத் தவிர, ஆங்கில வரி தெரியலைன்னா 'ம்ம்ம்'னு சுருதி சேர்ந்து முனகினாலே மதிப்பெண் வரும். கிட்டாரில் பச்சை பட்டன் எந்த சுரத்துக்கு வேணும்னாலும் வரும். பாடும்போது மட்டும் ஏமாத்த முடியாது.

இதை வாசிச்சா நிஜ கிட்டார் வருமா?

வராது. தாளமும், ரெண்டு கையும் தனித்தனியா வேலை செய்யும் பழக்கமும் வரும். எந்தக் கம்பியில எந்த இடத்துல எந்த சுரம்னு ஒண்ணும் தெரியாது. டிரம்ஸ் மட்டும் விதிவிலக்கு. தட்டு, குச்சி, கால் மிதி எல்லாம் நிஜத்துக்குக் கிட்டக்க இருக்கு. உயர் நிலையில் ஆடுறவர் நிஜ டிரம்ஸில் உட்கார்ந்தா அடிப்படைத் தாளம் கையோட வரும்.

நிஜமாவே கத்துக்கணும்னா அதுக்கு ராக்ஸ்மித். யூபிசாஃப்ட் 2011-ல் வெளியிட்டது. பிளாஸ்டிக் கிட்டாரே கிடையாது. வீட்டுல இருக்கிற எலக்ட்ரிக் கிட்டாரை ஒரு தனி கேபிளில் யுஎஸ்பி வழியா இணைக்கணும். நீங்க எந்தக் கம்பியை எங்க பிடிச்சீங்கன்னு ஒலியை வெச்சே அது கண்டுபிடிக்கும். இப்போ 'ராக்ஸ்மித் பிளஸ்' என்ற பெயரில் சந்தா கட்டிப் பயன்படுத்துற மாதிரி மாறிடுச்சு. 2010-ல் ராக் பேண்ட் 3 ஒரு நடுவழியை முயன்று பார்த்தது. அதன் ஒரு கிட்டாரில் 102 பட்டன். பாவம், எடுபடல.

ஏன் காணாம போச்சு?

2009-ல மட்டும் மெட்டாலிகா, வான் ஹேலன், ஸ்மாஷ் ஹிட்ஸ், கிட்டார் ஹீரோ 5, பேண்ட் ஹீரோன்னு வரிசையா இறக்கினாங்க. ஒவ்வொரு வீட்டுலயும் கட்டிலுக்கு அடியில ரெண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ். இன்னொண்ணு எதுக்கு? 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடியது.

இந்தியாவில் இந்த அலை பெருசா அடிக்கல. பாட்டுப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கில ராக். அந்தக் காலத்துல நம்ம ஊர் ரசனைக்குக் கிட்ட வந்தது, மைக் பிடிச்சுப் பாடுற சோனியின் 'சிங்ஸ்டார் பாலிவுட்' (2007). அதுவும் இந்திப் பாட்டு.

காசு கொடுத்து வாங்கின பாட்டு எங்கே போகும்?

2015-ல் ரெண்டு ஆட்டமும் திரும்பி வந்தன. 'கிட்டார் ஹீரோ லைவ்' அஞ்சு கலரைத் தூக்கிட்டு, மேலே மூணு கீழே மூணு என ஆறு பட்டன் வைத்தது. யோசனை நல்லா இருந்தது. ஆனா பாட்டில் பெரும்பகுதி டிஸ்கில் இல்லை, இணையத்தில் ஓடும் சேனல் மாதிரி வைத்திருந்தார்கள். 2018 டிசம்பர் 1-ல் அந்தச் சேவையை நிறுத்தினாங்க. டிஸ்கில் உள்ள 42 பாட்டு மட்டும் மிச்சம். ஆட்டத்தை முழு விலை கொடுத்து வாங்கினவங்களுக்கும் இதே நிலைதான்.

ராக் பேண்ட் 4 வேற மாதிரி நடந்துகொண்டது. பழைய ராக் பேண்டுகளில் வாங்கிய பாட்டுகளை, அதே நிறுவனத்தின் கன்சோல் என்றால் பெரும்பாலும் எடுத்துட்டு வர விட்டது. பாட்டு உரிமம் முடிந்ததால் 2025 அக்டோபரில் அதுவும் ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவங்க தொடர்ந்து ஆடலாம், புதுசா யாரும் வாங்க முடியாது. டிஸ்க் கிடைச்சாத்தான் உண்டு.

இப்போ எதுல விளையாடலாம்?

ஹார்மோனிக்ஸை 2021-ல் எபிக் கேம்ஸ் வாங்கியது. ஃபோர்ட்நைட்டுக்குள்ளேயே 'ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவல்' என்ற ஆட்டம் 2023 டிசம்பரில் வந்தது. சாதாரண கன்ட்ரோலரிலும் ஆடலாம். அடுத்த வருஷம் கிட்டார் ஆதரவும் கிடைத்தது. ரிஃப்மாஸ்டர் போன்ற புது கிட்டார்களும் வந்தன. விலை நம்ம பட்ஜெட்டுக்கு ரொம்ப அதிகம்.

கம்ப்யூட்டர் இருந்தா 'குளோன் ஹீரோ' இலவசம். ரசிகர்கள் உருவாக்கியது. கீபோர்டிலேயே ஆடலாம், அதனால கிட்டார் வாங்கும் முன் இதில் ஒரு வாரம் ஆடிப் பாருங்க. பிடிக்கலைன்னா காசு மிச்சம். இன்னொரு வசதி, பாட்டுக்கான வட்டங்களை நாமே அடுக்கலாம். கையில இருக்கிற தமிழ்ப் பாட்டுக்கும் செய்யலாம். தனித்தடம் இல்லாததால் தவறினாலும் கிட்டார் நிற்காது, அவ்வளவுதான் குறை. சொந்த உபயோகத்தோட நிறுத்திக்கோங்க, பாட்டுக் கோப்பைப் பரப்பினா காப்புரிமைச் சிக்கல் வரும்.

செகண்ட் ஹேண்ட் கிட்டார் வாங்கும் முன்...

எந்த கன்சோலுக்கானது என்பதை முதல்ல கேளுங்க. பிராண்டைவிட இதுதான் முக்கியம்.

பிளேஸ்டேஷன் 3 கிட்டார்னா டாங்கிள் இருக்கான்னு போட்டோ கேளுங்க. பார்க்க ப்ளூடூத் மாதிரி தெரிஞ்சாலும் அது ப்ளூடூத் இல்லை, தனி ரேடியோ. அந்த மாடலுக்கான டாங்கிள்தான் வேணும். ராக் பேண்ட் டாங்கிளை கிட்டார் ஹீரோ கிட்டாருக்குப் போட முடியாது. டாங்கிளைத் தனியா தேடினா சில சமயம் கிட்டார் விலையே சொல்லுவாங்க.

எக்ஸ்பாக்ஸ் 360-ன் ஒயர்லெஸ் கிட்டார்னா, கம்ப்யூட்டரில் போட மைக்ரோசாஃப்டின் தனி ரிசீவர் வேணும். நின்டென்டோ வீ-க்கான கிட்டார் ஹீரோ கிட்டார்னா, உள்ளே வீ ரிமோட்டைச் சொருகினாத்தான் உயிர் வரும். ரிமோட்டும் சேர்த்துத் தர்றாங்களான்னு பாருங்க. தலைவலியே வேண்டாம்னா கிட்டார் ஹீரோ 2-வோட எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த 'எக்ஸ்ப்ளோரர்' என்ற வெள்ளை கிட்டாரைத் தேடுங்க. ஒயர் இருக்கும், யுஎஸ்பியில் சொருகினா வேலை முடிஞ்சுது.

வந்ததும் வேலை செய்யலைன்னு பதறுவதற்கு முன் இன்னொண்ணு. புது எல்இடி டிவிகளில் படம் ஒரு துளி தாமதமா வரும். சினிமா பார்க்கும்போது தெரியாது. இந்த ஆட்டத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே வட்டம் போச்சு. டிவியில் 'கேம் மோட்' போடுங்க, ஆட்டத்தின் செட்டிங்கில் 'காலிபரேஷன்' செய்யுங்க. ராக் பேண்ட் 2 கிட்டாரில் இதைத் தானே அளந்துகொள்ள சென்சாரே உண்டு. ப்ளூடூத் ஸ்பீக்கரை மட்டும் கழட்டிடுங்க, தாமதம் இன்னும் கூடும்.

சரி, டாங்கிள் இல்லாத கிட்டாரை என்ன செய்வது?

தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருப்பது வெறும் ஸ்விட்சுகள்தான். அஞ்சு பட்டனுக்கு அஞ்சு, ஸ்ட்ரம் பாருக்கு ரெண்டு. அவற்றிலிருந்து ஒயர் எடுத்து 'ராஸ்பெர்ரி பை பிக்கோ' என்ற சின்ன போர்டில் சால்டர் செய்து, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஏற்றினால், அது யுஎஸ்பி கிட்டாராகிவிடும். வெளிநாட்டு ரசிகர்கள் பல வருஷமா செய்றதுதான். மொபைல் சர்வீஸ் தெரிஞ்ச யாரும் செய்யலாம். பேட்டரியைக் கழட்டிட்டுத் திறங்க.

சித்தி மகன் பஜாரில் மொபைல் கடை வெச்சிருக்கிற நண்பனோட உட்கார்ந்து திறந்துட்டான். போன ஞாயிறு வீடியோ கால் வந்தது. குளோன் ஹீரோ ஓடுது. பக்கத்து வீட்டு லேப்டாப், பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேர். ஏரியில வலை போட பாடு முறை வைக்கிற மாதிரி, ஆளுக்கு ஒரு பாட்டுன்னு முறை வெச்சு ஆடுறாங்க. ஆரஞ்சு பட்டன் மட்டும் இன்னும் சரியா பிடிக்கல. சால்டர் விட்டிருக்குமாம், இந்த வாரம் திரும்ப வைக்கப் போறான்.