வட தமிழ்ச் சபைகளும் தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பும்

சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் வட்டாரத்தில் லண்டன் மிஷன் வளர்த்த புராட்டஸ்டண்ட் சபைகள், 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) சேராமல் விலகி நின்று, 1950இல் தாமாகவே வந்து சேர்ந்தன. பழகிய வழக்கத்தை விட்டுப் புதிய அமைப்புக்குள் வரச் சபையாரை எப்படி இணங்க வைப்பது என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு இவ்வரலாற்றின் ஓரத்தில்தான் வருகிறது. ஆனால் மலைமேல் ஒரு விதமாகவும் அடிவாரத்தில் வேறு விதமாகவும் மாற்றம் நடந்ததை ஏற்காட்டிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

மலையும் அடிவாரமும்

சேலத்தில் லண்டன் மிஷன் 1827இல் பணி தொடங்கியது. அதன் சபைகள் காங்கிரிகேஷனல் மரபில் வந்தவை. பேராயர் என்ற பதவியே அங்கு இல்லை. சபைக் காரியங்களைச் சபையாரே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் கதை வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு, ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் மலையில் குடியேறினார்கள். அவர்கள் வழிபட எழுந்தது ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த பரிசுத்த திரித்துவ ஆலயம். அந்த மரபில் பேராயர் இல்லாமல் சபையே இல்லை. ஒரே மாவட்டத்தில், மலைப்பாதையின் இரு முனைகளில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு சபை ஒழுங்குகள் இருந்தன.

டேனிஷ் லுத்தரன் மிஷனரிகளும் இம்மலையில் பணி செய்திருக்கிறார்கள்.

28 ஆண்டுப் பேச்சு

ஒன்றிப்புக்கான முதல் அழைப்பு 1919 மே மாதம் தரங்கம்பாடியில் எழுந்தது. அங்கே கூடியவர்கள் 33 பேர். இருவர் தவிர எல்லோரும் இந்தியர். முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். மேனாட்டுச் சண்டைகளால் பிறந்த பிரிவுகளை இந்தியக் கிறிஸ்தவர் ஏன் சுமக்க வேண்டும் என்பது கூடியவர்களின் வாதம்.

அடுத்த ஆண்டே கூட்டுக் குழு அமைந்தது. முதலில் ஆங்கிலிக்கன், தென்னிந்திய ஐக்கிய சபை என இரண்டு தரப்பு; பின்னர் மெதடிஸ்டுகளும் சேர்ந்து மூன்றாயிற்று. இவற்றுள் ஐக்கிய சபை 1908இலேயே காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் இணைந்து உருவானது. சேலம் சபைகள் அதில் வட தமிழ்ச் சபைச் சங்கமாக இருந்தன. திட்டம் அச்சில் வர 1929 ஆயிற்று. மெதடிஸ்டுகள் 1943இலும், ஆங்கிலிக்கன் பொதுச் சங்கம் 1945 ஜனவரியிலும் சம்மதித்தார்கள். அசரியா அதே ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். வாழ்நாள் உழைப்புக்குக் கிடைத்த சம்மதத்தை அவர் பார்க்கவில்லை. லண்டனில் டி. எஸ். எலியட் இத்திட்டத்தைக் கண்டித்து 1943இல் தனிப் பிரசுரமே எழுதினார். தென்னிந்தியக் கிராமச் சபைகளின் விவகாரம் ஆங்கிலக் கவிஞர் ஒருவரை அவ்வளவு தூரம் உறுத்தியிருக்கிறது!

1946இல் ஐக்கிய சபை ஒப்புக்கொண்டது. அதன் உறுப்பான வட தமிழ்ச் சங்கம் மட்டும் இசையவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் புதிய திருச்சபை தொடங்கியது. ஏறத்தாழ 10 லட்சம் பேர் அதன் உறுப்பினர். பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமை தாங்கினார். ஒன்பது புதிய பேராயர்கள் அன்று அபிஷேகம் பெற்றார்கள். சென்னை ஆங்கிலிக்கன் பேராயம் முழுவதுமாக உள்ளே வந்ததால் ஏற்காட்டு ஆலயம் உட்பட அதன் ஆலயங்களும் சி.எஸ்.ஐ. ஆயின. அடிவாரத்து லண்டன் மிஷன் சபைகள் வெளியிலேயே நின்றன.

கட்டாயம் இல்லை என்ற உறுதிமொழி

வட தமிழ்ச் சபைகளின் விலகலைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பேராயர் வந்துவிட்டால் சபைக் கமிட்டியின் குரல் என்ன ஆகும், தங்கள் போதகர்களுக்கு மறுபடியும் அபிஷேகம் வேண்டும் என்பார்களோ, ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தைக் கையில் திணிப்பார்களோ என்பவை காங்கிரிகேஷனல் மரபினர் எங்கும் கேட்ட கேள்விகள். ஒவ்வொன்றும் நியாயமானது.

இவற்றுக்கு ஒன்றிப்புத் திட்டத்திலேயே பதில் இருந்தது. பழக்கமில்லாத வழிபாட்டு முறையையோ, மனச்சாட்சி ஏற்காத போதகரையோ எந்தச் சபை மேலும் சுமத்துவதில்லை என்று மூன்று தரப்பும் வாக்குக் கொடுத்தன. ஏற்கெனவே இருந்த போதகர்கள் மறு அபிஷேகம் இல்லாமலே தொடரலாம். புதிதாக வருவோரை மட்டும் பேராயர் அபிஷேகம் செய்வார். இரண்டு விதமான ஊழியமும் கலந்து நடக்க 30 ஆண்டுக் கால இடைவெளி விடப்பட்டது. ஒரு தலைமுறைக்கே அவகாசம் தந்த இந்த விதிதான் முழுத் திட்டத்திலும் புத்திசாலித்தனமான பகுதி. ஆங்கிலிக்கன் தரப்பில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்டதும் இதுவே.

வழிபாட்டிலும் அவசரம் காட்டவில்லை. 1950இல் வெளிவந்த திருவிருந்து ஆராதனை முறையில் குருவானவர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நின்றார். சமாதான வாழ்த்து கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவரிடமிருந்து வந்தது: குருவானவரிடமிருந்து பெற்றவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கையோடு கை சேர்த்துக் கொடுக்க, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, கடைசி வரிசை வரை அது போகும். எவருடைய பழைய முறையும் அப்படியே மேலே வரவில்லை. அதனால் தோற்றுப்போனதாக நினைக்க ஒருவருக்கும் இடமில்லை. கீர்த்தனைகள் வெகு காலம் முன்பே சபை வேலிகளைத் தாண்டியிருந்தன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் லுத்தரன் என்பதற்காக அவர் பாட்டை எந்தச் சபையும் ஒதுக்கவில்லை.

அப்பாசாமி

மூன்று ஆண்டுகளில் வட தமிழ்ச் சபைகள் மனம் மாறின. 1950இல் அவை சேர்ந்ததும் கோயம்புத்தூர் பேராயம் அமைந்து, ஏ. ஜே. அப்பாசாமி முதல் பேராயரானார். பேராயர் என்றாலே தயங்கிய சபைகளுக்கு ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவர் தலைவராக வந்தது விநோதம்தான்.

பாளையங்கோட்டையில் 1891இல் பிறந்த அப்பாசாமியின் தந்தை, சைவத்திலிருந்து கிறிஸ்தவரான வழக்கறிஞர். மகன் அமெரிக்காவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, யோவான் சுவிசேஷத்தைப் பக்தி மரபோடு ஒப்பிட்டு ஆய்வு செய்தார். சாது சுந்தர் சிங் பற்றி பி. எச். ஸ்டிரீட்டருடன் சேர்ந்து எழுதிய நூல் 1921இலும், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகக் காணும் நூல் 1927இலும் வந்தன. சபை ஒழுங்கைவிடப் பக்தி அனுபவத்தை முன்னே வைத்தவர் என்பதால், அதிகாரத்துக்கு அஞ்சிய சபைகளுக்கு அவரிடம் பயப்பட அதிகம் இருந்திருக்காது என்று கருதலாம். 1959 வரை பொறுப்பில் இருந்தார்.

பின்னர்

ஆந்திரத்தின் நந்தியாலில் ஒன்றிப்பை எதிர்த்து நின்றவர்கள் ஆங்கிலிக்கன்கள். அவர்கள் வந்து சேர 1975 ஆயிற்று. அவர்களோடு ஒப்பிட்டால் சேலத்துத் தயக்கம் விரைவில் தீர்ந்தது. லுத்தரன்களோடு சி.எஸ்.ஐ. பல ஆண்டுகள் பேசியும் ஒன்றிப்புக் கைகூடவில்லை. தரங்கம்பாடி அழைப்பு எழுந்த அதே 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், டேனிஷ் மிஷன் வழி வந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் இன்றும் தனித்தனியாகவே இயங்குகின்றன.