இரண்டு ஊசியும் ஒரு நூலும்



வரலாறு என்றவுடன் முடிமன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையதன்று. இரண்டு ஊசியும் ஒரு நூலும் கொண்டு துணி பின்னும் கலையை மனிதர் எவ்வாறு கற்றனர், யார் யாருக்குக் கற்பித்தனர், கற்பதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதே அப்பொருள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். ஆகவே ஒரு தொழிலின் வரலாற்றைப் படிக்கும்பொழுது, அதில் தேர்ந்து புகழ் பெற்றவனைக் காட்டிலும், முதல் நாள் அதனைக் கற்க உட்கார்ந்த பிள்ளையையே என் கண் தேடுகிறது.

பின்னல் என்பது என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். உங்கள் வேட்டியை அல்லது பாவாடையை இழுத்துப் பாருங்கள், அது நீளாது. பனியனை இழுத்துப் பாருங்கள். நீளும், விட்டால் சுருங்கும். இந்த வேறுபாடு ஏன்? வேட்டி தறியில் நெய்யப்பட்டது. அதில் பாவு நூல் நெடுக்கிலும் ஊடை நூல் குறுக்கிலும் நேராக ஓடுகின்றன. பனியனிலோ நூல் நேராக ஓடவில்லை. வளைந்து வளைந்து வளையங்களாக நிற்கிறது. ஒவ்வொரு வளையமும் தனக்குக் கீழுள்ள வளையத்தின் வழியாகப் புகுந்து வந்தது. இவ்வளையத்தைக் கண்ணி என்போம். இழுக்கும்பொழுது கண்ணி தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு இடம் கொடுக்கிறது. திருப்பூரில் இவ்வகைத் துணியைப் பின்னலாடை என்று வழங்குவது எத்துணைப் பொருத்தம்!

இனி, கற்கத் தொடங்குபவன் செய்ய வேண்டியது என்ன? வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆதலின் சொல்லாலேயே காட்டுகிறேன். முதற்படி, நூலை முடிச்சிட்டு வளையங்களாக இடக்கை ஊசியில் ஏற்றுவது. இருபது வளையம் ஏற்றினால் பழகுவதற்குப் போதும். இரண்டாம் படி, வலக்கை ஊசியை முதல் வளையத்தின் முன்புறமாக நுழைத்து, பின்னால் நிற்கும் நூலை ஊசிமுனையில் சுற்றி, அந்நூலை வளையத்தின் வழியாக முன்னே இழுத்து, பழைய வளையத்தை இடக்கை ஊசியினின்று நழுவ விடுவது. இது நேர்க்கண்ணி. நூலை முன்னால் வைத்துக்கொண்டு, ஊசியைப் பின்னிருந்து முன்னாக நுழைத்து, நூலைப் பின்புறம் இழுத்தால் அது புறக்கண்ணி. நேர்க்கண்ணியைப் பின்னாலிருந்து பார்த்தால் தெரிவது எதுவோ, அதுவே புறக்கண்ணி. இறுதிப் படி, ஒரு கண்ணியை மற்றொன்றின் மேல் தாண்டச் செய்து விளிம்பை மூடுவது. அவ்வளவுதான். உலகில் இதுவரை பின்னப்பட்ட காலுறைகளிலும் குல்லாய்களிலும் கம்பளிச் சட்டைகளிலும் பெரும்பாலானவை இந்த இரு கண்ணிகளாலேயே ஆனவை.

எல்லா வரிசையிலும் நேர்க்கண்ணியே இட்டால் துணியின் இருபுறமும் மேடுபள்ளமாக இருக்கும். ஒரு வரிசை நேர்க்கண்ணி, அடுத்த வரிசை புறக்கண்ணி என மாற்றினால் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் அமையும். பனியனின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்; இவ்வுண்மை விளங்கும்.

இங்கே வரலாறு நமக்கு ஒரு வியப்பை வைத்திருக்கிறது. இன்று தொடக்க மாணவனுக்கு இரண்டு ஊசியில் தட்டையான துண்டு பின்னவே கற்பிக்கிறோம். முன்னோர் தொடங்கியது அவ்வாறன்று. லண்டனில் உள்ள விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தில் கண்டெடுத்த செந்நிறக் கம்பளிக் காலுறை இணை ஒன்று உள்ளது. அதன் காலம் ஏறத்தாழக் கி.பி. 250 முதல் 420க்குள். செருப்பின் வார் புகுவதற்காகப் பெருவிரலுக்குத் தனி இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது இரு ஊசிப் பின்னல் அன்று. தையலூசி போன்ற ஒற்றை ஊசியில் நூல் முழுவதையும் ஒவ்வொரு வளையத்திலும் இழுத்துச் செய்யும் பழைய முறை. நாம் கூறும் உண்மையான பின்னல், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே, இசுலாமிய ஆட்சிக்கால எகிப்தில் வெள்ளையும் அவுரி நீலமும் கலந்த பருத்திக் காலுறைகளில் தெளிவாகத் தோன்றுகிறது.

அங்கிருந்து அக்கலை மத்தியதரைக் கடல் வழியே பரவியது. ஸ்பெயின் நாட்டில் பூர்கோஸ் நகருக்கு அருகேயுள்ள லாஸ் வேல்காஸ் மடத்தில், 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையில் பட்டுத் தலையணை ஒன்று கிடைத்தது. அதில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 கண்ணிகள்! கிறித்தவ இளவரசரின் தலைக்கடியில் வைத்த அத்தலையணையின் விளிம்பில் அரபு எழுத்தில் ‘அருள்’ என்னும் பொருளுடைய சொல் பின்னப்பட்டிருக்கிறது. கைத்தொழில் சமய எல்லையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பண்டைய பின்னலாளர் நான்கு அல்லது ஐந்து ஊசிகளில் வட்டமாகவே பின்னினர். ஏறத்தாழ 1400இல் மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஜெர்மானிய ஓவியரின் கூடத்தில் தீட்டப்பட்ட ஓவியம் ஒன்றில், கன்னி மரியாள் ஊசிகள் பலவற்றைக் கொண்டு தையலில்லாத சிறு சட்டை பின்னும் காட்சியைக் காணலாம். வட்டமாகப் பின்னுபவர் துணியைத் திருப்புவதே இல்லை. வழவழப்பான பக்கம் எப்பொழுதும் அவர் பக்கமே இருக்கும். ஆகவே அவருக்குப் புறக்கண்ணி தேவைப்படவில்லை. புறக்கண்ணிக்குக் கிடைத்துள்ள பழஞ்சான்றுகளுள் ஒன்று, 1562இல் இறந்த பிளாரன்ஸ் நகரத்துக் கோமாட்டி எலியனோராவுடன் புதைக்கப்பட்ட பட்டுக் காலுறை. நாம் முதல் வாரத்தில் கற்கும் இரண்டாவது கண்ணிக்கு உலகம் நெடுங்காலம் காத்திருந்தது போலும்! கற்பிக்கும் வரிசை வேறு, கண்டுபிடித்த வரிசை வேறு என்பதை ஆசிரியப் பயிற்சி பெறுவோர் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இனி, கற்ற இடங்களைப் பார்ப்போம்.

முதலிடம் தொழிற்குழு. பாரிஸ் நகரில் 1527இல் பின்னலாளர் குழு அமைந்தது என்பர். பிற்காலத்தில் ஸ்ட்ராஸ்பர்க் முதலிய நகரங்களின் குழுக்களில், மாணாக்கனாகச் சேர்ந்து பல்லாண்டு உழைத்தவன், ஆசான் என்னும் பட்டம் பெறுவதற்குப் பூவும் கொடியும் விலங்கும் நிறைந்த பெரிய விரிப்பு ஒன்றைக் கையால் பின்னிக் காட்ட வேண்டும். இக்குழுக்கள் ஆடவருக்குரியவை. பின்னல் பெண்களின் வேலை என்று எண்ணும் மாணவர்கள் இதனை நினைவிற் கொள்க.

இரண்டாம் இடம் ஏழைகளின் பள்ளி. இங்கிலாந்தில் 1571இல் ஒரு சட்டம் வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர், உயர்குடியினர் முதலிய சிலர் நீங்கலாக, ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் உள்நாட்டில் செய்த கம்பளிக் குல்லாய் அணிய வேண்டும். தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். குல்லாய் பின்னுவோரைக் காக்கவே அச்சட்டம். 1597இல் அது நீக்கப்பட்டது. அதே நூற்றாண்டின் இறுதியில் லிங்கன், யார்க் முதலிய நகரங்கள் ஏழைக் குழந்தைகளுக்குப் பின்னல் கற்பிக்க ஏற்பாடு செய்தன. நோக்கம் பிச்சை எடுப்பதை ஒழிப்பது, நல்ல நோக்கமே. ஆனால் அங்கே கல்வி எது, கூலி வேலை எது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இதனை ஒரு சிறுமியின் வாய்மொழியாலேயே அறிகிறோம். வட இங்கிலாந்தில் டென்ட் என்னும் பள்ளத்தாக்கு பின்னலுக்குப் பேர்போனது. அங்கே ஆணும் பெண்ணும் இடுப்பு வாரில் செருகிய மரக்குச்சியில் ஓர் ஊசியை ஊன்றிக்கொண்டு, நடந்துகொண்டே பின்னுவர். மாலை வேளைகளில் ஒரு வீட்டில் கூடி உடலை அசைத்து அசைத்துப் பின்னுவர். குழந்தைகள் பாட்டுப் பாடி அதன் தாளத்துக்கு வேலை செய்வர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் லாங்டேல் பகுதியிலிருந்து அங்கே பின்னல் கற்க அனுப்பப்பட்ட பெட்டி யூடேல் என்ற சிறுமிக்கு வயது ஏழெட்டு. அவள் தங்கைக்கு இரண்டு வயது குறைவு. வேலையின் கடுமையும் வீட்டு நினைவும் தாங்காமல், குளிர்காலத்தில் அவ்விரு குழந்தைகளும் ஓடிவந்து, வழிகேட்டு வழிகேட்டு நடந்தே வீடு சேர்ந்தனர். முதுமையில் பெட்டி சொன்ன இக்கதை எழுதப்பெற்று, கவிஞர் ராபர்ட் சதேயின் ‘தி டாக்டர்’ என்னும் நூலில் இடம்பெற்றது. அப்பள்ளத்தாக்கின் கைத்திறனை ஊர் புகழ்ந்தது. அத்திறனை அடைவதற்குள் எத்தனை குழந்தைகள் அழுதனர் என்பதை ஒரு பெட்டிதான் நமக்குச் சொல்லிச் சென்றாள்.

இதற்கிடையில் பொறி வந்தது. நாட்டிங்காம் அருகே கால்வர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ, 1589இல் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். கை ஒரு நேரத்தில் ஒரு கண்ணியையே செய்கிறது. லீயோ ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொக்கி ஊசி வைத்து, வரிசை முழுவதையும் ஒரே அசைவில் பின்னச் செய்தார். எலிசபெத் அரசி அதற்கு உரிமை வழங்கவில்லை. ஊசியை நம்பி வாழும் ஏழைகளின் பிழைப்புக் கெடும் என்று அரசி அஞ்சியதாக மரபுக் கதை கூறுகிறது. லீ பிரான்சுக்குச் சென்றார். அங்கே ஆதரவளித்த நான்காம் ஹென்றி மன்னர் 1610இல் கொலையுண்டார். லீ வாழ்வில் வெற்றி காணாமலே மறைந்தார். அவர் பொறியோ வெற்றி கண்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1811இல், அதே நாட்டிங்காம் வட்டாரத்தில் கூலிக் குறைவாலும் மட்டமான சரக்கு பெருகியதாலும் வெகுண்ட தொழிலாளர் அப்பொறிகளை உடைத்தனர். 1812இல் பொறி உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எழுந்து அதனை எதிர்த்தார்.

பொறி வந்த பின்னர்க் கைப்பின்னல் மறைந்ததா? இல்லை, அதன் பள்ளி மாறியது. 1840இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜேன் காகெய்ன் என்ற அம்மையார், பின்னல் முறைகளைச் சுருக்கக் குறிகளால் எழுதி நூலாக வெளியிட்டார். அருகில் ஆசான் இல்லாதவரும் ஏட்டைப் பார்த்துப் பின்னும் நிலை இத்தகைய நூல்களால் பரவியது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபொழுது, படைவீரர்களுக்காக 3 லட்சம் இணைக் காலுறை வேண்டும் என்று மேரி அரசி கோரினார். ஈரச் சேற்றுக் குழிகளில் நின்ற வீரரின் கால் அழுகாமல் காக்க உலர்ந்த காலுறை இன்றியமையாதது. பள்ளிகளில் சிறுமியரோடு சிறுவரும் ஊசி பிடித்தனர். போர் முடிந்தபின், 1919இல், ருடால்ப் ஸ்டைனர் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய வால்டார்ப் பள்ளியில், ஆண் பெண் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் கைப்பின்னல் கற்பித்தனர். விற்பதற்காக அன்று, கையும் கண்ணும் கருத்தும் ஒன்றுபடுவதற்காக.

நம் நாட்டிலும் இவ்வினா எழுந்தது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அங்கே ஊசிக்குப் பதில் தக்கிளி. பிள்ளைகளின் உழைப்புப் பள்ளிச் செலவுக்கு உதவ வேண்டும் என்பது அவர் கருத்து. திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவினரே, வருவாயின் மேல் கண் சென்றால் கல்வி பின்தங்கும் அபாயம் உண்டு என்று எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கையைப் படிக்கும்தோறும் எனக்கு டென்ட் பள்ளத்தாக்கின் குழந்தைகள் நினைவுக்கு வருகின்றனர்.

ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே சிறு கை. ஓரிடத்தில் அது அடிமை வேலை, ஓரிடத்தில் கல்வி. வேறுபாடு எங்கே உள்ளது? பின்னிய காலுறை யாருக்காக என்பதில் மட்டும் இல்லை. தவறிய கண்ணியை நிதானமாக அவிழ்த்து மீண்டும் பின்னுவதற்கு அக்குழந்தைக்கு நேரம் தரப்பட்டதா என்பதில் இருக்கிறது. கூலிக் கணக்கில் அவிழ்ப்பது இழப்பு. கல்விக் கணக்கில் அவிழ்ப்பதே பாடம். இன்று தேர்வு நெருங்கினால் கைத்தொழில் பாடவேளையைக் கணக்குக்கு மாற்றிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அவ்வாறு செய்கையில், அவிழ்த்துத் திருத்தும் பயிற்சிக்குரிய வேளையைத்தான் நாம் பறிக்கிறோம்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஒரு சோடி ஊசியும் சிறிது கம்பளி நூலும் வாங்குங்கள். ஊசி தடிமனாக இருக்கட்டும்; நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும்; கண்ணிகள் தெளிவாகத் தெரியும். இருபது கண்ணி ஏற்றி, இருபது வரிசை பின்னுங்கள். இறுக்கிப் பிடியாதீர்கள், வரிசையின் முடிவில் கண்ணிகளை எண்ணுங்கள். பத்தொன்பது இருந்தால் எங்கோ ஒன்று நழுவியது. இருபத்தொன்று இருந்தால் எங்கோ நூல் வீணே சுற்றியது. இரண்டுமே அவிழ்த்துச் சரிசெய்யத் தக்கவை. பின்னி முடித்தபின் அத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதே வேலையைக் குளிரில், விளக்கொளியில், பசியோடு செய்த பிள்ளைகளையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வரலாற்று நூலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் இட்ட கண்ணி உங்கள் கையில் இருக்கும்.