போகம், காணி, முறை: தஞ்சைக் கோயில்களின் அருச்சக உரிமைச் சொற்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் சைவாசாரியராக இருந்த சர்வசிவ பண்டிதருக்கும், அவருடைய சீடர்களுக்கும், சீடரின் சீடர்களுக்கும் ஆண்டுதோறும் 2,000 கலம் நெல் அளக்க முதலாம் இராசேந்திரன் தன் 19-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அந்தச் சீடர் வழியில் ஆரியதேசத்தாரும் மத்தியதேசத்தாரும் கௌடதேசத்தாரும் அடங்குவர். கல்வெட்டு இக்கொடையை ‘ஆசாரியபோகம்’ என்கிறது.

இச்சொல்லுக்குக் ‘குருவுக்கான ஊதியம்’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்வது எளிது. அது போதாது என்பதே என் கருத்து. ‘போகம்’ உண்ணுதல், துய்த்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. காவிரிப் படுகையில் அதற்கு இன்னொரு பொருள் ஊறிப்போயிற்று: விளைச்சல். குறுவையும் தாளடியும் எடுத்தால் இருபோகம். ஆகவே இங்கே ஒருவருக்குப் போகம் என்றால், வயலின் விளைவில் அவர் துய்க்கும் பங்கு. அதன் அளவையும் அதே கோயிலில் காணலாம். இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டில் 100 கலம் நெல். ஆசாரியபோகமோ அப்படி 20 பங்கு. திருப்பதியம் பாடிய பிடாரர் தலைக்கு நாள்தோறும் முக்குறுணி பெற்றனர். ஆசாரியரும் ஆடுமகளும் பாடுவாரும் ஒரே மரக்காலில் அளந்த நெல்லைத்தான் உண்டார்கள்; வேறுபட்டது அளவு.

அன்றாடப் பூசை செய்தவரைக் கல்வெட்டுகள் ‘காணியுடைய சிவப்பிராமணர்’ என்கின்றன. நந்தாவிளக்குக்குக் காசு கொடுப்பவர் அதை இவர்களிடம் ஒப்படைப்பார். சந்திராதித்தவரை எரிப்பதாக இவர்கள் கையேற்பார்கள். இன்று காணி என்றதும் நிலம் நினைவுக்கு வருகிறது. அங்கே அது வழிவழி உரிமை. பூசைக்கும் உண்டு, கொட்டுக்கும் உண்டு, கூத்துக்கும் உண்டு. மாதத்தில் இத்தனை நாள் பூசை என்று அதைப் பகுத்து, விற்கவும் செய்தார்கள். அருச்சகருக்கு விட்ட நிலத்துக்கு ‘அர்ச்சனாபோகம்’ என்று பெயர். போகம் பிழைப்பைச் சொன்னது, காணி உரிமையைச் சொன்னது. இவ்விரண்டையும் குழப்பினால் கோயில் வரலாறே குழம்பும்.

பிற்காலத்தில் மானியம், இனாம் என்று பெயர்கள் மாறின. 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் அந்நிலங்களைப் பட்டியலிட்டுச் சான்று தந்தது. 1963-ஆம் ஆண்டுச் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. காணிக்கான அடி 1971-இல் விழுந்தது. அவ்வாண்டுச் சட்டத் திருத்தம் அருச்சகர் பதவியின் பரம்பரை வாரிசுரிமையை நீக்கியது. சேஷம்மாள் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம், அருச்சகரை அமர்த்துவது சமயச் சடங்கன்று, உலகியல் செயல் என்று தீர்ப்பளித்துத் திருத்தத்தை ஏற்றது. ஆகம விதிப்படியே நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. நெல்லளந்து எழுதிய சோழர் கல்வெட்டுகளைப் படித்தவருக்குச் சமயம், உலகியல் என்ற அந்தப் பிரிப்பு புதிதாகத் தோன்றாது.

போகமும் காணியும் கோயில் பேச்சிலிருந்து போய்விட்டன. பூசைநாளைப் பகுத்துக்கொண்ட வழக்கத்தின் சொல் மட்டும் நிற்கிறது. டெல்டாவின் கோயில்களில் இன்றும் குருக்கள் வீட்டில் கேட்கலாம்: “இந்த மாசம் எங்க முறை.”