கொலாஜன்

கொலாஜன் மனித உடலில் மிகுதியாக உள்ள புரதம். உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காடு இதுவே. தோல் கிழியாமலும், எலும்பு எளிதில் நொறுங்காமலும், மூட்டு தேயாமலும், தசையின் இழுவை வீணாகாமலும் இருப்பதற்கு இப்புரதமே அடிப்படை. இதன் மூலக்கூறு முச்சுருள் வடிவம் கொண்டது என்பதை 1954–55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் (1922–2001) கோபிநாத் கர்த்தாவும் கண்டறிந்தனர். இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்.

உடலில் கொலாஜன்

முதுகெலும்பிகளில் 28 வகைக் கொலாஜன்கள் அறியப்பட்டுள்ளன. முதல் வகைதான் மிகுதி. தோலின் உள்ளடுக்கு, எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் அது நிறைந்திருக்கிறது. மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரண்டாம் வகை வலைபோல் பின்னி, நீரைப் பிடித்துவைக்கும் பெருமூலக்கூறுகளைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. நடக்கும்போது முழங்காலில் விழும் பாரத்தைத் தாங்குவது இந்த அமைப்பே.

எலும்பின் கடினத்துக்குக் கால்சியம் பாஸ்பேட் கனிமம் காரணம். அதன் வளையும் தன்மைக்குக் கொலாஜன் காரணம். கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் கனிமம் கரைந்துவிடும். மிஞ்சும் எலும்பு ரப்பர்போல் வளையும். வினிகரில் ஊறவைக்காத எலும்பைத் தீயிலிட்டால் கொலாஜன் எரிந்துபோகும். உருவம் கலையாமல் நிற்கும் எலும்பு, விரலால் நசுக்கினாலே பொடியாகும்.

தசை சுருங்குவது ஆக்டின், மயோசின் என்னும் வேறு இரு புரதங்களால். ஆனால் ஒவ்வொரு தசைநாரையும், நார்க்கற்றையையும், முழுத் தசையையும் தனித்தனியே சுற்றியுள்ள உறைகளில் கொலாஜன் உண்டு. இவ்வுறைகள் ஒன்றுகூடித் தசைநாணாகி எலும்பில் பதிகின்றன. சுருங்கும் விசை அவ்வழியே எலும்பை அசைக்கிறது.

ஆக்கமும் கேடும்

கொலாஜன் சங்கிலி ஒன்றில் சுமார் 1,000 அமினோ அமிலங்கள் உண்டு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் அமர்கிறது. புரோலினும் அதிலிருந்து உண்டாகும் ஹைட்ராக்சிபுரோலினும் மற்ற இடங்களில் மிகுதி. மூன்று சங்கிலிகள் புரி முறுக்கிய கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி, ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் உள்ள மூலக்கூறாகின்றன. கிளைசின்தான் அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. சுருளின் நடுவில் உள்ள இடுக்கில் அது மட்டுமே கொள்ளும். மரபணுப் பிழையால் அந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டால் சுருள் சீராக முறுக்கிக்கொள்ளாது. பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புரோலின் ஹைட்ராக்சிபுரோலினாக மாற வைட்டமின் சி தேவை. அது கிடைக்காதபோது உருவாகும் சுருள் உடல் வெப்பத்தில் நிலைப்பதில்லை. ஈறில் இரத்தம் கசியும், புண் ஆறாது, மூட்டு வலிக்கும், இதுவே ஸ்கர்வி. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலோட்டிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணம் கண்டார். பழம் ஏன் குணப்படுத்தியது என்பதற்கான மூலக்கூறு விளக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

கண்டறிந்த வரலாறு

கொலாஜனைத் தொழிலாளர் கைகள் அறிவியலுக்கு முன்பே அறிந்திருந்தன. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உறைவது, வெந்த கொலாஜன் சுருள் பிரிந்து ஜெலட்டினாவதால். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைத்தால், அதிலுள்ள துவர்ப்பொருள் கொலாஜன் நார்களைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. திருச்சி செம்பட்டு, திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர் எனத் தமிழகத்தில் தோல் பதனிடும் ஊர்கள் பல. இத்தொழிலுக்குத் துணையாக 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

இராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தார்; தந்தை கணிதப் பேராசிரியர். 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினர் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாற்றிய தூய வளனார் கல்லூரியில் 1939இல் சேர்ந்து, 1942இல் இயற்பியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்தவரைத் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி. வி. ராமன். பின்னாளில் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியபோது இராமச்சந்திரன் பெயரைச் சொன்னவரும் அவரே. 1952இல், முப்பது வயதளவில், இராமச்சந்திரன் அப்பொறுப்பை ஏற்றார்.

அதே ஆண்டு சென்னைக்கு வந்த பிரித்தானியப் படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்றார். லைனஸ் பாலிங் 1951இல் வெளியிட்டிருந்த வடிவம் பொருந்தவில்லை. எக்ஸ்-கதிர்ப் படமெடுக்க நல்ல மாதிரி வேண்டியிருந்தது. அண்டையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற வேதியியல் செய்தியையும் கதிர்ப்படத்தையும் இணைத்து, மூன்று சங்கிலி வடிவத்தை இராமச்சந்திரனும் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். மூன்றும் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்ற திருத்தத்தை 1955இல் சேர்த்தனர்.

கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் அதே ஆண்டு மறுப்பெழுதினர். சென்னை வடிவத்தில் சில அணுக்கள் நெருங்கி மோதுகின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது மிகை, ஒன்றுதான் இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அப்போது தெளிவான வரையறை இல்லை. வெளியான படிக அமைப்புகளிலிருந்து இடைவெளிகளைத் திரட்டிய இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணனுடனும் வி. சசிசேகரனுடனும் சேர்ந்து 1963இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் முடியாது என்று காட்டும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ இது. புதிதாகக் கண்டறியும் புரத வடிவங்களை இன்றும் இதைக்கொண்டே சரிபார்க்கிறார்கள்.

ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி குழுவினர் 1994இல் கொலாஜன் போன்ற சிறு புரதத் துண்டின் படிக அமைப்பை வெளியிட்டபோது முச்சுருள் உறுதியாயிற்று. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பதில் கேம்பிரிட்ஜ் தரப்பு சரி. நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே பாலமாகலாம் என்று 1960களில் இராமச்சந்திரன் சொன்னதற்கும் இப்படிகத்தில் சான்று கிடைத்தது.

பயன்பாடு

உண்ணும் கொலாஜன் குடலில் சிறு துண்டுகளாகச் சிதைந்த பிறகே இரத்தத்தில் சேர்கிறது. முச்சுருளாகவே தோலை அடைவதில்லை. காயத்தின்மேல் இடும்போது நிலை வேறு. மாட்டுத் தோல் போன்றவற்றிலிருந்து தூய்மையாகப் பிரித்த கொலாஜன் தாள்களைத் தீக்காயங்களின்மேல் போர்த்துகிறார்கள். நீரிழப்பைக் குறைத்து, புதிய செல்கள் ஊர்ந்து படர இடம் தரும் அத்தாளை, நோயாளியின் உடல் தன் சொந்தக் கொலாஜனை நெய்யத் தொடங்கியதும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது.