புகையிரதமும் டிராம் வண்டியும்



போக்குவரத்தின் வரலாற்றைக் கூறுவோர் பாதைகள் அமைந்த கதையையும் பாலங்கள் எழுந்த கதையையும் விரித்துரைப்பர். ஒரு வண்டியை விட்டிறங்கி மற்றொரு வண்டியில் ஏறுகின்ற சிறு இடைவெளியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் சுமந்து செல்லும் பயணியைக் கேட்டால், பயணத்தில் மிகக் கடினமான பகுதி அதுவே என்பார். கந்தளாயிலிருந்து கொழும்புக்குச் சென்ற பயணியைத் துணையாகக் கொண்டு அந்த இடைவெளியின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

குளக்கோட்டன் பெயரோடு மரபுரைகள் இணைத்துப் போற்றும் பெருங்குளத்தையுடையது கந்தளாய். திருகோணமலைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட 1927ஆம் ஆண்டில் இவ்வூர் இரும்புப்பாதையால் தலைநகரோடு இணைந்தது. மாகோச் சந்தியில் வடபாதையிலிருந்து பிரியும் இப்பாதை, கல்லோயாச் சந்தியில் மீண்டும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அக்போபுர, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலையை அடையும். மற்றையது, 1928இல் திறக்கப்பட்ட மட்டக்களப்புப் பாதை.

பாதை பிரியும் இடத்தில் பயணியும் வண்டி மாறவேண்டும் என்பது பொது நியதி. ஆனால் கல்லோயாவில் அத்தொல்லையைக் குறைக்க எளியதொரு வழி கையாளப்பட்டது. இரண்டு ஊர்களுக்குமுரிய பெட்டிகளை ஒரே தொடராகக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து, சந்தியில் பிரித்து, வேறு வேறு எஞ்சின்களில் பூட்டி அனுப்புவதே அவ்வழி. நள்ளிரவில் பெட்டிகள் மாறின. உள்ளே உறங்கிய பயணி மாறவில்லை. பாதை, பெட்டி, சீட்டு, நேரம் யாவும் ஒரே பகுதியாரின் பொறுப்பில் இருந்தமையால் இது இயன்றது.

கொழும்பில் நிலைமை வேறு. இலங்கையின் முதற் புகையிரதப் பாதை 1865இல் கொழும்புக்கும் அம்பேபுசைக்குமிடையே போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அக்காலக் கொழும்பு நிலையம் மருதானைக்கு அருகே அமைந்திருந்தது. வணிகமும் துறைமுகமும் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் இருந்தன. ஆகவே நகரினுள் மற்றொரு வாகனம் இன்றியமையாததாயிற்று. 1899இல் ஓடத்தொடங்கிய மின்சார டிராம் வண்டிகள் அக்குறையைப் பெரிதும் தீர்த்தன. அவை கோட்டைப் பகுதியிலிருந்து கிராண்பாஸுக்கு ஒரு பாதையிலும், மருதானை வழியாகப் பொரளைக்கு மற்றொரு பாதையிலும் ஓடின. 1917இல் புதிய கோட்டைப் புகையிரத நிலையம் திறக்கப்பட்டபின், இருவகை வண்டிகளும் மேலும் நெருங்கி வந்தன.

நெருங்கி வந்தனவேயன்றி ஒன்றாக இணையவில்லை. புகையிரதம் அரசினருடையது, டிராம் வண்டியோ தனியார் கம்பெனியினருடையது. புகையிரதச் சீட்டின் உரிமை நிலைய வாசலோடு முடிந்தது. டிராம் வண்டிக்கு வேறு காசு கொடுக்கவேண்டும். இடையிலுள்ள சில நூறு அடித் தூரத்துக்கு எவரும் பொறுப்பாளரல்லர். நாட்டாமைகளும் ரிக்‌ஷாக்காரரும் தொழில் நடத்தியது அவ்விடைவெளியிலேதான். மருதானைக்கும் பொரளைக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியை அழைத்துவந்த கிராமத்தவருக்கு அச்சில நூறு அடிகள் பல மைல்களாகத் தோன்றியிருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். வண்டி மாறுவதன் துன்பம் இரு திசையிலும் ஒரே அளவினதன்று. புகையிரதத்தை விட்டிறங்கி டிராம் வண்டியை நாடுபவர் ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் சிறிது நேரத்தில் அடுத்தது வந்துவிடும். டிராம் வண்டியிலிருந்து புகையிரதத்தை நாடுபவர் நிலை அத்தகையதன்று. கந்தளாய் செல்லும் வண்டியைத் தவறவிட்டவர் நெடுநேரம் காத்திருக்க நேரும். சில வேளை இரவை நகரிலேயே கழிக்கவும் நேரும். அதனால் தூரத்துப் பயணிகள் வெகு முன்னதாகவே நிலையம் வந்து மேடையில் அமர்ந்திருப்பர். இணைப்பில்லாக் குறைக்கு அவர் செலுத்திய வரி அது. காசாகவன்றிக் காலமாகச் செலுத்திய வரி.

டிராம் வண்டியை நகரம் எவ்வளவு நம்பியிருந்தது என்பதை 1929ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானையில் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நகரப் போக்குவரத்து ஒரு கம்பெனியின் கணக்கு மட்டுமன்று, பொதுவாழ்வின் நாடியும் ஆகும் என்பதை அன்று யாவரும் கண்டனர். 1944இல் மாநகர சபை டிராம் சேவையைத் தன் வசமாக்கியது. எனினும் 1953இல் டிரொலி பஸ்கள் வந்தன. 1958இல் பஸ் சேவைகள் நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1960இல் டிராம் வண்டிகள் ஓய்ந்தன. டிரொலி பஸ்களும் 1964இல் மறைந்தன.

பிற நகரங்களும் இவ்விடர்ப்பாட்டை அறிந்தவையே. கல்கத்தாவில் 1873இல் ஓடிய முதற் குதிரை டிராம், சியால்தா புகையிரத நிலையத்தை ஆற்றுத் துறையோடு இணைப்பதற்கென்றே அமைந்தது; அவ்வாண்டிலேயே அது நின்றும் போயிற்று. சென்னையில் மின்சார டிராம் 1895 முதல் 1953 வரை ஓடியது. இராமேசுவரத் தீவு வழியாக எழும்பூர் சென்றடைந்த நம்மவர், வடநாடு செல்ல விரும்பின் சென்ட்ரல் நிலையத்துக்குத் தெரு வழியாகவே செல்லவேண்டியிருந்தது. இரு நிலையங்களுக்கும் உரிய தண்டவாள அகலங்களே வேறு வேறாக இருந்தமையால், அங்கே பெட்டிகளைப் பிரித்துப் பூட்டும் கல்லோயா வித்தைக்கு இடமில்லை.

அண்மைக் காலத்திலும் இக்கேள்வி கொழும்பை விட்டகலவில்லை. மாலபேயையும் கோட்டையையும் இணைக்கும் இலகு புகையிரதத் திட்டத்துக்கு 2019இல் ஜப்பானியக் கடனுதவி உடன்பாடு ஆயிற்று. 2020இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. டிராம் தண்டவாளங்கள் அகன்ற இடத்தை நிரப்பியிருக்கக்கூடிய வாகனம் அது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கல்லோயாவில் காட்டின் நடுவே இயன்ற ஒன்று, கொழும்பில் நகரின் நடுவே இயலாமற் போயிற்று. கருவியும் பொருளும் நகரில் குறைவில்லை. இடைவெளியைத் தம்முடையதென ஏற்பார் இல்லாமையே குறை. பாதை அமைப்போர் பலராகலாம். ஆயின், ஒரு பாதை முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்துக்கு ஒருவரேனும் பொறுப்பேற்றல் வேண்டும். அவர் இல்லாதபோது, அப்பொறுப்பு மூட்டையோடு மூட்டையாகப் பயணியின் தலைமேல் ஏறிவிடுகின்றது.